லேவியராகமத்தில் நின்றுபோகும் வருடத் திட்டம்: படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா?

இரண்டாமாண்டு | பிப்ரவரி 2, இரவு 10:50

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் என்கிற திட்டம் கல்லூரி மாணவருக்கு ஆகாது என்பது என் கட்சி. ஜனவரி 1-ல் ஆரம்பித்தால் ஆதியாகமம் கதையாக ஓடிவிடும், யாத்திராகமம் பாதிவரை ஓடும். மாதக் கடைசியில் மூன்றாவது புத்தகமான லேவியராகமம் பலியும் சட்டமுமாக வரும், அங்கேதான் முக்கால்வாசிப் பேர் இறங்குகிறார்கள். விட்டதைச் சேர்த்துப் படிக்கப் போனால் அது கடன் மாதிரி ஏறும். பரீட்சை வந்ததும் மொத்தமாக மூடி வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை பாடல் பயிற்சி, ஞாயிறு ஆராதனை, நடுவில் அசைன்மென்ட், கிட்டார், கொஞ்சம் செஸ். இதற்குள் காலைத் தியானம் எப்படி நிற்கும்? மறுக்கிறவர்கள் கணக்கோடு வரவும். "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாகும்" என்கிறவர்கள் வேறு இழைக்குப் போகவும்.

கணக்குப்புலி | பிப்ரவரி 2, இரவு 11:15

66 புத்தகம், 1189 அதிகாரம். பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. நாளுக்கு மூன்றேகால் வருகிறது. வழக்கமாகச் சொல்லும் முறை, ஆறு நாள் மும்மூன்று, ஞாயிறு மட்டும் ஐந்து. வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1196. உபரி ஏழு அதிகாரம். மிஞ்சும் 365-ஆம் நாளையும் சேர்த்தால் வருடம் முழுக்க மூன்று நாள் தவறலாம். நான்காவது நாள் தவறினால் கடன் ஆரம்பம். ஒரு காய்ச்சலுக்கே பற்றாது. உங்கள் கட்சி பாதி சரி.

பழைய பைண்டிங் | பிப்ரவரி 3, காலை 5:40

ஞாயிறுக்கு ஐந்து என்று வைத்தவர் பாடகர் குழுவில் இருந்திருக்க மாட்டார். கிட்டார் தூக்குகிறவனுக்கு வாரத்திலேயே நேரம் குறைந்த நாள் அதுதான்.

அதைவிடப் பெரிய கோளாறு, அதிகாரத்தை அளவாக வைப்பது. சங்கீதம் 117-க்கு இரண்டு வசனம், 119-க்கு 176. இரண்டும் "ஒரு அதிகாரம்". எண்ணாகமம் 7-க்கு 89 வசனம், பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் பன்னிரண்டு நாள் ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள். அதைப் பரீட்சைக்கு முந்தின நாள் மூன்றில் ஒன்றாக வைத்தால் எவன் படிப்பான்?

இந்த அதிகாரப் பிரிவுகள் மூலத்தில் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேன்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன் பிரித்தது. வசன எண்கள் புதிய ஏற்பாட்டுக்கு 1551-ல், ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டது. வெட்டு பல இடத்தில் தப்பாக விழுந்திருக்கிறது. ஏசாயாவின் பாடுபடும் தாசன் பாட்டு 52:13-லேயே தொடங்கிவிடுகிறது, 53-ஐ மட்டும் படிக்கிறவனுக்கு முதல் மூன்று வசனம் போச்சு. 1 கொரிந்தியர் 11:1 உண்மையில் 10-ஆம் அதிகாரத்தின் கடைசி வரி. அப்போஸ்தலர் 21-ன் முடிவில் பவுல் கையசைத்துப் பேசத் தொடங்குகிறார், பேச்சு 22-ல் இருக்கிறது. "இன்றைக்கு 21 முடிந்தது" என்று மூடுகிறவன் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறவரை விட்டுவிட்டுப் போகிறான்.

அளவு நிமிடத்தில் இருக்கட்டும், நிறுத்தம் பத்தி முடிகிற இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாமாண்டு | பிப்ரவரி 3, காலை 7:05

நிமிடக் கணக்கில் போனால் எப்போது முடியும் என்று தெரியாதே ஐயா.

கணக்குப்புலி | பிப்ரவரி 3, காலை 7:30

தெரியும். சத்தமாக வாசித்தால் முழு வேதாகமத்துக்கும் ஏறக்குறைய 70 முதல் 80 மணி நேரம். நடுவில் 75 வைத்தால் 4500 நிமிடம். தினம் 12 நிமிடம் என்றால் 375 நாள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடம் என்றால் 60 வாரம். மௌன வாசிப்பில் இன்னும் குறையும்.

அதிகாரக் கணக்கே வேண்டும் என்று அடம் பிடித்தால், மூன்று வருடப் படிப்பு, வாரம் ஐந்து நாள், மொத்தம் 780 நாள். 1189-ஐ அதனால் வகுத்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. பட்டமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். புதிய ஏற்பாடு மட்டும் போதும் என்கிறவருக்கு இன்னும் அழகான கணக்கு உண்டு, வாரம் ஐந்து அதிகாரம், 52 வாரம், சரியாக 260. இதில் வாரத்துக்கு இரண்டு நாள் காலி.

மெழுகுதிரி | பிப்ரவரி 3, மதியம் 1:20

66 என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. உங்கள் வகுத்தல் எங்களுக்குப் பொருந்தாது.

ஆனால் வந்தது அதற்காக இல்லை. திருப்பலி வாசகங்களைத் தினமும் பின்பற்றுகிற மாணவருக்குக் கடன் என்ற பேச்சே எழாது, ஏனென்றால் அந்த வாசகம் தேதியோடு கட்டப்பட்டது. செவ்வாய் தவறினால் புதன்கிழமைக்குப் புதன்கிழமை வாசகம்தான், செவ்வாயைத் தேடிப் போக வேண்டாம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாவது மாற்கு, மூன்றாவது லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை, தவக்காலம், பாஸ்கா காலம் என்று எல்லா ஆண்டிலும் வருவார். வார நாள்களில் நற்செய்தி ஒவ்வோர் ஆண்டும் அதேதான், பொதுக்காலத்தில் முதல் வாசகம் மட்டும் ஒற்றை ஆண்டு, இரட்டை ஆண்டு என்று மாறும்.

இரண்டாமாண்டு தம்பி குறை சொல்வது வருடத் திட்டத்தை. உண்மையில் குறை "விட்டதைச் சேர்த்துப் படி" என்கிற விதியில் இருக்கிறது.

இரண்டாமாண்டு | பிப்ரவரி 3, இரவு 9:40

அக்கா, அப்படிப் பார்த்தால் விட்டது விட்டதுதானே? முழுவதும் படித்ததாக ஆகாதே.

மெழுகுதிரி | பிப்ரவரி 3, இரவு 10:02

ஆகாது. அடுத்த சுற்றில் வரும். வாசிப்புக்குச் சான்றிதழ் யாரும் தரப்போவதில்லை.

பழைய பைண்டிங் | பிப்ரவரி 5, காலை 5:45

லேவியராகமம் பாவம், எல்லாரும் அதன்மேல் ஏறுகிறார்கள். 27 அதிகாரத்தையும் வரிசையாக விழுங்கப் பார்ப்பதால் வரும் அஜீரணம். அமைப்பைப் பிடித்துக்கொண்டால் போதும். 1 முதல் 7 வரை பலிகள். 8 முதல் 10 வரை ஆசாரியர்களை ஏற்படுத்துவது, அதில் 10-ல் ஆரோனின் மகன்கள் நாதாப், அபியூ சாகும் சம்பவம். 11 முதல் 15 வரை சுத்தம், அசுத்தம். 16 பாவநிவாரண நாள். 17 முதல் 26 வரை பரிசுத்தமாக வாழும் முறை. 27 பொருத்தனைகள்.

இதைத் தனியாகப் படிக்காமல் புதிய ஏற்பாட்டில் ஜோடி வைத்துப் படிக்க வேண்டும். 12-ஆம் அதிகாரத்தில் குழந்தை பெற்றவள் ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாவிட்டால் இரண்டு புறா கொண்டுவரலாம் என்று இருக்கும். உடனே லூக்கா 2:22-24-ஐத் திறந்தால் மரியாளும் யோசேப்பும் கொண்டுவந்தது எது, அவர்கள் கையில் காசு எவ்வளவு இருந்தது என்பது தானாக விளங்கும். 14-ஐ மாற்கு 1:40-45-உடன் வைக்க வேண்டும், "ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி" என்று இயேசு ஏன் சொன்னார் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. 15:25-க்கு ஜோடி மாற்கு 5:25, பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கு இருந்த பெண் கூட்டத்துக்குள் வந்து தொட்டது எவ்வளவு துணிச்சல் என்று அப்போதுதான் தெரியும். 16-க்கு எபிரெயர் 9. 23-ல் கூடாரப் பண்டிகை வரும், அதற்கு யோவான் 7.

நேரமே இல்லை என்றால் 10, 16, 19, 23, 25. ஐந்து நாள். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும்" என்பது 19:18. அதைத் தாண்டிப் போகிறவன் இயேசு மேற்கோள் காட்டிய வசனத்தையே தாண்டிப் போகிறான்.

யாத்திராகமத்துக்கும் ஒரு குறுக்குவழி. ஆசரிப்புக் கூடாரம், அதாவது வழிபாட்டுக் கூடாரம், 25 முதல் 31 வரை கட்டளையாக வரும், 35 முதல் 40 வரை செய்து முடித்த கணக்காகத் திரும்ப வரும். ஒன்றை நிதானமாகவும் இன்னொன்றை வேகமாகவும் படிக்கலாம். நடுவில் 32 முதல் 34 வரை பொன் கன்றுக்குட்டி. அதைத் தவறவிடக்கூடாது.

கணக்குப்புலி | பிப்ரவரி 5, காலை 8:10

இதே மாதிரி இரட்டைப் பதிப்புகள் வேறேயும் உண்டு. சங்கீதம் 14-ம் 53-ம் கிட்டத்தட்ட ஒன்று. சங்கீதம் 108 என்பது 57-ன் கடைசிப் பகுதியும் 60-ன் கடைசிப் பகுதியும் சேர்ந்தது. எஸ்றா 2-ன் பெயர்ப் பட்டியல் நெகேமியா 7-ல் திரும்ப வரும். 2 இராஜாக்கள் 18-20 பெரும்பாலும் ஏசாயா 36-39. நேரம் குறைந்தவர் கழித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர்த்திசை வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் முர்ரே மெக்ஷேன் 1842-ல் டண்டீயில் தன் சபையாருக்குப் போட்ட அட்டவணை. பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. சங்கீதம் நீங்கலாகப் பழையது 779, சங்கீதம் 300, புதியது 520, ஆக 1599. நாளுக்கு நான்கரைக்குக் கொஞ்சம் கீழே. நாலு வேறு புத்தகத்தில் ஒரே நாளில் கால் வைப்பதால் லேவியராகமம் வந்தாலும் பக்கத்தில் ஒரு சங்கீதமோ நற்செய்தியோ துணைக்கு இருக்கும். அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு அளவைக் குறைப்பது புத்தி. ஒரு வரிசை பழையது, ஒரு வரிசை புதியது, போதும்.

இரண்டாமாண்டு | பிப்ரவரி 6, இரவு 11:30

சரி, வாசிப்பு ஓரளவு புரிகிறது. மனப்பாட வசனம்? வாலிபர் கூட்டத்துக்காகப் பத்து வசனம் உருப்போட்டால் அடுத்த மாதம் ஒன்றுகூட நிற்பதில்லை. பாடத்தையும் அப்படித்தான் படிக்கிறோம் என்று வையுங்கள்.

கணக்குப்புலி | பிப்ரவரி 7, காலை 6:50

ஒரு அட்டைப் பெட்டி, 41 தடுப்பு அட்டைகள். தினம் என்று ஒன்று, ஒற்றை, இரட்டை என்று இரண்டு, கிழமைக்கு ஏழு, தேதிக்கு 31.

புது வசனத்தை ஒரு அட்டையில் எழுதி "தினம்" தடுப்பில் வைக்கவும். தடுமாறாமல் சொல்ல வந்ததும் அதை ஒற்றை அல்லது இரட்டைக்குத் தள்ளவும். அங்கே இருந்த அட்டை ஒரு கிழமைக்குப் போகும். கிழமையில் இருந்தது ஒரு தேதிக்குப் போகும். தினமும் எடுக்க வேண்டியது நாலே தடுப்பு, அதாவது தினம், இன்றைய ஒற்றை அல்லது இரட்டை, இன்றைய கிழமை, இன்றைய தேதி. ஐந்து நிமிடம் ஆகாது. வாரம் ஒரு வசனம் சேர்த்தால் எல்லாத் தடுப்பிலும் ஒன்றொன்று நிரம்ப 41 வாரம். அதற்குப் பிறகு தேதித் தடுப்பில் இரண்டாவது அட்டை விழும்.

கெட்டுப்போவது எங்கே என்றால் "தினம்" தடுப்பில். ஆர்வத்தில் ஒரே நாளில் ஆறு அட்டை போடுகிறார்கள். அங்கே எப்போதும் ஒன்றுதான் இருக்க வேண்டும். அடுத்த தவறு, தடுமாறின அட்டையையும் இரக்கப்பட்டு முன்னே தள்ளுவது. தடுமாறினால் ஒரு படி பின்னால் வரவேண்டும்.

அட்டையின் ஒரு பக்கம் வசனம் இருக்கும் இடம் மட்டும், மறுபக்கம் வசனம். சொல்லும்போது இடத்தை முன்னாலும் ஒருமுறை, பின்னாலும் ஒருமுறை. வசனம் நினைவிருந்து இடம் மறந்து போவது இப்படிச் செய்யாததால்தான்.

ஏழாம் ஃபிரெட் | பிப்ரவரி 7, காலை 9:12

31-ஆம் தேதி ஒற்றை, மறுநாள் 1-ஆம் தேதியும் ஒற்றை. இரட்டை அட்டைக்கு ரெண்டு நாள் லீவு. 31-ஆம் தடுப்புல மாட்டின வசனத்துக்கு வருஷத்துக்கு ஏழே தரிசனம். கஷ்டமான வசனத்தை அங்க போட்றாதீங்க.

கணக்குப்புலி | பிப்ரவரி 7, காலை 9:20

ஒப்புக்கொள்கிறேன். 29, 30, 31 மூன்றிலும் நன்றாக ஊறிய வசனங்களை மட்டும் வைக்கலாம். "இயேசு கண்ணீர் விட்டார்" 31-க்கு.

பழைய பைண்டிங் | பிப்ரவரி 8, காலை 5:50

ஒற்றை வசனமாகப் பொறுக்கி மனப்பாடம் செய்வதில் ஒரு ஆபத்து, சூழல் கழன்று போகும். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சை அட்டையில் எழுதுகிறவர்கள் பிலிப்பியர் 4:11-12-ஐச் சேர்த்து எழுதட்டும். பவுல் அங்கே பட்டினியையும் திருப்தியையும் பற்றிப் பேசுகிறார், மதிப்பெண்ணைப் பற்றியல்ல. இரண்டு மூன்று வசனம் சேர்ந்த பத்தியாகப் பிடித்தால் நிற்கவும் செய்யும், அர்த்தமும் திரியாது.

இரண்டாமாண்டு | பிப்ரவரி 14, இரவு 8:15

கிட்டார் கேள்வி, இங்கேயே கேட்டுவிடுகிறேன். கேட்ட பாடலை அதே ஸ்கேலில் வாசித்தால் சபை பாடுவதில்லை. ஏழாம் ஃபிரெட் அண்ணா பதில் சொல்லட்டும்.

ஏழாம் ஃபிரெட் | பிப்ரவரி 14, இரவு 10:40

ஆல்பத்துல பாடறவர் உச்சக்குரல்காரர். அவர் ஸ்கேலை அப்படியே தூக்கிட்டு வந்தா சபை வாயை மூடிக்கும். பயிற்சியில்லாத குரல் கூட்டமாப் பாடும்போது வசதியான எல்லை, பெண்கள் குரல்ல நடு சி-க்குக் கீழ உள்ள பி ஃப்ளாட்ல இருந்து மேல் டி வரைக்கும். ஆண்கள் அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழ பாடுவாங்க. மேல் டி-யைத் தாண்டிப் போறது ஒரு தடவை ரெண்டு தடவைன்னா சமாளிக்கலாம், பல்லவியே அங்க நின்னா முடியாது.

அதனால ஸ்கேல் என்னன்னு பார்க்கறதுக்கு முன்னாடி மெட்டுல உச்ச ஸ்வரம் எதுன்னு பாரு. உதாரணத்துக்கு ஏ ஸ்கேல் பாட்டு, உச்சம் எஃப் ஷார்ப்ல நிக்குது. அதை டி-க்கு இறக்கணும்னா நாலு ஃபிரெட், அதாவது நாலு அரைச் சுரம், இறங்கணும். ஏ-ல இருந்து நாலு இறங்கினா எஃப் ஸ்கேல். பாரே (ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்தறது) பிடிக்கக் கை வலிக்கும்னா டி ஸ்கேல் கார்டு வடிவங்களை வச்சு மூணாம் ஃபிரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போடு, எஃப் வந்துடும். இல்லன்னா இன்னும் ஒரு ஃபிரெட் இறக்கி ஈ-ல திறந்த கார்டா வாசி, உச்சம் சி ஷார்ப் ஆயிடும். காலை ஆராதனைக்கு இதுவே மேல், தூங்கி எழுந்த குரல் மேல போகாது.

தினசரி வேணும்கிற கேப்போ கணக்கு: ஜி வடிவம் ரெண்டாம் ஃபிரெட்ல ஏ, மூணுல பி ஃப்ளாட். சி வடிவம் மூணுல ஈ ஃப்ளாட். டி வடிவம் ஒண்ணுல ஈ ஃப்ளாட்.

ரெண்டு கிட்டார் இருந்தா ரெண்டு பேரும் ஒரே கார்டை ஒரே இடத்துல அடிக்காதீங்க. ஒருத்தர் திறந்த ஜி, இன்னொருத்தர் அஞ்சாம் ஃபிரெட்ல கேப்போ போட்டு சி வடிவம். மேல மணி மாதிரி விழும்.

கணக்குப்புலி | பிப்ரவரி 14, இரவு 10:58

சி-யிலிருந்து ஐந்து ஃபிரெட் ஏறினால் எஃப் தான் வரும். ஜி வேண்டுமென்றால் ஏழு.

ஏழாம் ஃபிரெட் | பிப்ரவரி 14, இரவு 11:01

அஞ்சுல டி வடிவம், ஏழுல சி வடிவம். ரெண்டும் ஜி. புனைபெயருக்கே அவமானம், திருத்திக்கங்க.

ஏழாம் ஃபிரெட் | பிப்ரவரி 15, காலை 10:25

விட்டுப்போனது. கேப்போ போட்ட பிறகு திரும்ப ட்யூன் பண்ணணும். அது கம்பியை அழுத்தறதால சுருதி கொஞ்சம் ஏறும், தடிமனான கம்பியில அதிகமாத் தெரியும். ஃபிரெட்டுக்கு ஒட்டி, சரியாப் பின்னால வைக்கணும். நடுவுல வச்சா இன்னும் ஏறும், மேலயே வச்சா கம்பி செத்த சத்தம் போடும். புதுக் கம்பி சனிக்கிழமை ராத்திரி மாத்தி ஞாயித்துக்கிழமை காலையில வாசிக்கிறது தற்கொலை, இழுபட்டு இறங்கிக்கிட்டே இருக்கும். ரெண்டு மூணு நாள் முன்னாடி மாத்து, மாத்தின உடனே ஒவ்வொரு கம்பியையும் மெதுவா இழுத்து விட்டு மறுபடி ட்யூன் பண்ணு. விரல் புண்ணாகிறவங்க 12-க்குப் பதிலா 10 அல்லது 11 கேஜ் (கம்பித் தடிமன்) போடலாம்.

விடுதியில ராத்திரி வாசிக்கணும்னா பிரிட்ஜ் பக்கத்துல கம்பிக்கு அடியில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகிக்க. ஒலி செத்துடும், கைப்பழக்கம் சாகாது. கார்டு மாத்தறதுக்கு அதுவே போதும்.

மெழுகுதிரி | பிப்ரவரி 15, மாலை 4:30

பாடல் பயிற்சி சனி, வாசிப்பு ஞாயிறு என்றால் அந்த இளைஞருக்கு ஓய்வு நாள் எது? இந்த இழையில் யாரும் கேட்கவில்லை.

இரண்டாமாண்டு | பிப்ரவரி 15, இரவு 9:10

கேட்க நினைத்தேன். ஞாயிறு படிக்கலாமா கூடாதா? ஓட்டக்காரர் எரிக் லிடல், ஞாயிறு என்பதால், ஒலிம்பிக் பந்தயத்தன்றைக்கே ஓடமாட்டேன் என்று சொன்னாராம். திங்கள் பரீட்சை வைத்தால் நாம் என்ன செய்வது?

பழைய பைண்டிங் | பிப்ரவரி 16, காலை 5:40

அன்றைக்கே சொல்லவில்லை. 1924 பாரிஸ், 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று பல மாதங்களுக்கு முன்பே அட்டவணையில் தெரிந்துவிட்டது. அவர் அப்போது எடின்பரோவில் மாணவர். அந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார், 47.6 விநாடியில் தங்கம், 200 மீட்டரில் வெண்கலம். படிக்கிறவனுக்கு அதில் எடுக்க வேண்டியது அந்தப் பல மாதம்தான். அட்டவணை வந்த அன்றைக்கே நாள்காட்டியில் ஞாயிறுகளை அடித்துவிட்டு மிச்சத்தில் பாடத்தைப் பிரிக்கவேண்டும். திங்கள் காலை கொடுக்க வேண்டிய அசைன்மென்டுக்குக் கெடு சனி மாலை ஆறு மணி என்று எழுதிவைக்க வேண்டும். ஆறு நாளில் அடங்காத பாடம் ஏழாவது நாளிலும் அடங்குவது அபூர்வம்.

லூக்கா 14:5-ல் ஓய்வுநாளிலும் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிடலாம் என்று இருக்கிறது. வெள்ளி முழுக்க செஸ் ஆடிவிட்டு ஞாயிறு இரவு அதைக் காட்டினால் எருதே சிரிக்கும்.

மெழுகுதிரி | பிப்ரவரி 16, காலை 11:15

கடுமை கொஞ்சம் கூடிவிட்டது. ஓய்வுநாள் மனிதனுக்காக என்பது மாற்கு 2:27. மருத்துவம், செவிலியர் படிப்பில் ஞாயிறு பணிமுறை வரும், அவர்களுக்கு வாரத்தில் வேறொரு அரை நாள். அன்றைக்கு எதை விடுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பாடப் புத்தகம் மூடியிருக்கும், மதிப்பெண் பேச்சு இருக்காது, தூக்கம் முழுதாக இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் அது ஓய்வு. திருப்பலி முடிந்ததும் விடைத்தாள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நாள்காட்டியில் என்ன கிழமை இருந்து என்ன?

கணக்குப்புலி | பிப்ரவரி 16, மதியம் 12:40

செஸ்ஸுக்கும் கணக்கு இருக்கிறது. ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 விநாடி கூடும் என்ற ஆட்டத்தில் 40 நகர்த்தல் போனால் ஆளுக்கு 4 நிமிடம் 20 விநாடி, இருவருக்கும் சேர்த்து ஒன்பது நிமிடத்துக்குள். குறைவு என்பதால்தான் ஆபத்து, தோற்றவன் உடனே இன்னொன்று என்பான், ஏழு ஆட்டத்தில் ஒரு மணி நேரம். 15 நிமிடம், 10 விநாடி என்றால் ஒரே ஆட்டம் முக்கால் மணிக்குள் முடியும், முடிந்ததும் மண்டை களைத்து எழுந்துவிடுவான். பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்கும்போது தானாக முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு பாட்டை முழுதாக வாசிப்பது முடியும். ரீல்ஸ் முடியாது.

இரண்டாமாண்டு | மார்ச் 1, இரவு 10:20

பரீட்சை அட்டவணை வந்துவிட்டது. படிக்க உட்கார்ந்தால் ஜெபிக்கவில்லையே என்ற குற்ற உணர்வு, ஜெபிக்க உட்கார்ந்தால் பாடம் முடியவில்லையே என்ற பயம். இதற்கும் அட்டை உண்டா?

மெழுகுதிரி | மார்ச் 2, காலை 6:30

அட்டை இல்லை, ஆள் உண்டு. இயேசு சபையைப் பின்னாளில் நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1524-ல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார். புத்தகத்தைத் திறந்தாலே ஆன்மிக ஒளியும் ஆறுதலும் பொங்கி வந்தன, வினைச்சொல் மனதில் ஏறவில்லை. ஜெபத்திலோ திருப்பலியிலோ கூட இவ்வளவு வருவதில்லையே என்று கவனித்தவர் இது சோதனை என்று முடிவு கட்டினார். ஆசிரியரிடம் போய், இரண்டு ஆண்டுகள் வகுப்பைத் தவறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். படிப்பு நேரத்தில் வரும் பக்தியை எல்லாம் அப்படியே நம்பவேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றாளர் கிடைக்கமாட்டார்.

அவர் எழுதிவைத்த ஆன்மச் சோதனை பரீட்சைக் காலத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஐந்து படி: நன்றி, ஒளி கேட்பது, மணிவாரியாக நாளைப் புரட்டிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். பத்து நிமிடம். தூங்கும் முன் படுக்கையில் படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாவது படியில் குறட்டை வரும், நாற்காலியில் உட்கார்ந்து செய்யவும். மூன்றாவது படியில் பாடத்தின் மீதிப் பட்டியல் உள்ளே வந்துவிடும், அதற்கு ஒரு தாள் பக்கத்தில் வைத்து எழுதிவிட்டுத் திரும்பவேண்டும்.

பழைய பைண்டிங் | மார்ச் 2, காலை 8:00

ஆக்ஸ்போர்டில் 1729-ல் சார்லஸ் வெஸ்லி சேர்த்த சின்னக் கூட்டமும் மாணவர்கள்தான். அண்ணன் ஜான் வெஸ்லி வந்து தலைமை எடுத்தபின் நேர அட்டவணை இறுகியது, புதன், வெள்ளி மாலை மூன்று மணிவரை உபவாசம், 1730 முதல் சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது. மற்ற மாணவர்கள் கேலி பண்ணினார்கள். ஆனால் அந்த உபவாசத்தை அப்படியே பரீட்சை நாளில் இறக்க வேண்டாம். வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் எழுதினால் கடைசி ஒரு மணி நேரக் கையெழுத்து அதைச் சொல்லிவிடும். பரீட்சை வாரத்தில் உபவாசம் இருக்க ஆசைப்படுகிறவர் போனை விட்டு இருக்கட்டும்.

கணக்குப்புலி | மார்ச் 2, இரவு 9:15

பரீட்சை மாதத்துக்கு மட்டும் வேறு வாசிப்பு வையுங்கள். ஆரோகண சங்கீதங்கள், 120 முதல் 134 வரை, பதினைந்து நாளுக்குப் பதினைந்து. மொத்தமே 101 வசனம். நீளமானது 132, பதினெட்டு வசனம். மற்றது எதுவும் ஒன்பதைத் தாண்டாது. முடிந்தால் திரும்ப முதலிலிருந்து, ஆக முப்பது நாள். எட்டாம் நாள் வருவது 127. அதிகாலையில் எழுந்து நேரங்கழித்துப் படுப்பது வீண் என்று இரண்டாம் வசனத்தில் இருக்கிறது. இரவெல்லாம் விழித்துப் படிக்கிறவர்கள் அந்த நாளை மட்டும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள்.

வருடத் திட்டத்தை நிறுத்திய இடத்தில் ஒரு தாள் செருகிவைக்கவும். பரீட்சை முடிந்ததும் அங்கிருந்து. விட்ட நாள்களைக் கூட்டிப் பார்க்கவேண்டாம், அட்டவணையில் தேதியை அடித்துவிடவும். மெழுகுதிரி சொன்னது இதற்கும் செல்லும்.

இரண்டாமாண்டு | மார்ச் 3, காலை 6:15

வாசிப்பு போனிலா, புத்தகத்திலா?

பழைய பைண்டிங் | மார்ச் 3, காலை 6:20

இந்தக் கேள்வியை 6:15-க்குப் போனில் கேட்டதிலேயே பதில் இருக்கிறது.

மெழுகுதிரி | மார்ச் 3, காலை 7:45

போனில்தான் முடியும் என்றால் விமானப் பயன்முறை, அதற்கு முன்பே பக்கத்தைத் திறந்து வைத்துவிட வேண்டும். பிறருக்காக வேண்டும் பட்டியலும் போனில் நீளும், நாற்பது பெயர் சேர்ந்து ஒருவருக்கும் வேண்டாமல் போகும். கிழமைக்கு ஒரு தாள், தாளுக்கு ஐந்து பெயர், பக்கத்தில் தேதி. ஒரு பெயரை அடித்தால்தான் இன்னொன்று ஏறும்.

இரண்டாமாண்டு | மார்ச் 11, இரவு 11:05

நாளை முதல் தாள். ஏழாம் ஃபிரெட் அண்ணா, மூன்று வாரம் கிட்டாரைத் தொடமாட்டேன். கம்பியை இறக்கி வைக்கணுமா?

ஏழாம் ஃபிரெட் | மார்ச் 11, இரவு 11:20

வேண்டாம். ட்யூன்லயே விடு, கழுத்து அந்த இழுவைக்குத்தான் செஞ்சிருக்கு. கம்பியைத் துடைச்சு, கேப்போவைக் கழட்டிட்டு பெட்டிக்குள்ள போடு. ஜன்னல் வெயில் படற இடத்துல சாத்தி வைக்காதே, காத்துல ஈரப்பதம் 45-ல இருந்து 55 சதவீதம் இருந்தா மரத்துக்கு நல்லது. மூணு வாரம் கழிச்சு விரல் நுனி மெத்துன்னு ஆகியிருக்கும், முதல் ரெண்டு நாள் பத்து நிமிஷத்துக்கு மேல வாசிக்காதே. இப்போ போய்த் தூங்கு.